துருவுக்கு எதிராக எதைத் தேர்ந்தெடுப்பது: பெயிண்ட், துத்தநாகம், வெள்ளீயம், தியாக ஆனோடு, எவர்சில்வர்

இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்ற என்னென்ன வழிகள் என்று கேட்டால் வேதியியல் பாடப்புத்தகம் ஒரு பட்டியலை நீட்டும். பெயிண்ட் அடிப்பது, எண்ணெய் தடவுவது, துத்தநாகம் பூசுவது, வெள்ளீயம் பூசுவது, குரோமிய முலாம், தியாக ஆனோடு, கலப்புலோகம். அத்தனையையும் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் ஒரு வேலிக்கோ, தண்ணீர்த் தொட்டிக்கோ, படகுக்கோ, மண்ணுக்குள் புதைக்கப்போகும் குழாய்க்கோ இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வரும்போது பட்டியல் கைகொடுக்காது. புதிதாக இருக்கும்வரை இவை எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்யும். எது எப்படிப்பட்டது என்று தெரிவது முதல் கீறல் விழுந்த பிறகு.

அதனால் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். பூச்சு கிழிந்து இரும்பு வெளியே தெரியும் இடத்தில், அடுத்து எலக்ட்ரானை இழக்கப்போவது யார்? இரும்பா, வேறு யாராவதா? இதற்கு விடை உலோகங்களின் வினைபடுதிறன் வரிசையில், அதாவது எது எளிதில் எலக்ட்ரானை இழக்கும் என்ற வரிசையில் இருக்கிறது, சில விதிவிலக்குகளோடு. அந்த விதிவிலக்குகளில்தான் பல தேர்வுகள் கவிழ்கின்றன.

துரு பிடிப்பது எப்படி என்பதை முதலில் பார்த்துவிடலாம். இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் நிற்கிறது. சொட்டின் ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்து கரைகிறது, நடுப்பகுதிக்கு அவ்வளவாக வந்து சேருவதில்லை. நடுவில் இருக்கும் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. இது ஆக்சிஜனேற்றம், அந்த இடம் ஆனோடு. விட்ட எலக்ட்ரான்கள் தகடு வழியாகவே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் தண்ணீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இது ஒடுக்கம், அந்த இடம் கேத்தோடு. இரண்டு வகை அயனிகளும் சந்திக்கும் வளையத்தில் இரும்பு ஹைட்ராக்சைடு படிந்து, இன்னும் ஆக்சிஜன் சேர்ந்து, நமக்குத் தெரிந்த பழுப்பு நிறத் துருவாகிறது. இரும்பு கரைவது ஓரிடம், துரு படிவது வேறிடம். உப்பு இதில் நேரடியாகச் சேருவதுகூட இல்லை. தண்ணீரில் மின்சாரம் ஓடுவதை எளிதாக்குவதுதான் அதன் முக்கிய வேலை, சுற்று முழுமையாகிறது, எல்லாம் வேகமாகிறது.

இதை நிறுத்த வேண்டுமென்றால் தண்ணீரையும் காற்றையும் தடுக்கலாம். அல்லது இரும்புக்குப் பதிலாக வேறு உலோகத்தை எலக்ட்ரான் கொடுக்க வைக்கலாம். அல்லது வெளியிலிருந்து எலக்ட்ரானைத் திணிக்கலாம். அல்லது இரும்பின் இயல்பையே மாற்றலாம்.

பெயிண்ட்

மலிவு, எந்த வடிவத்துக்கும் ஒத்துவரும், நிறமும் கிடைக்கும். கீறல் விழுந்தால்? பெயிண்டிடம் எலக்ட்ரான் கையிருப்பு எதுவும் கிடையாது. கீறலில் தெரியும் இரும்பு தன்னந்தனியாகக் கரையத் தொடங்கும். கேத்தோடு பகுதியில் உருவாகும் ஹைட்ராக்சைடு காரத்தன்மை கொண்டது என்பதால் பக்கத்துப் பெயிண்டின் பிடியைத் தளர்த்தும். வெளியே ஊசிமுனை அளவு புள்ளி, உள்ளே உள்ளங்கை அளவு கொப்புளம். பெயிண்டில் துரு பிடிக்கும் விதம் இப்படித்தான்.

அதனால் பெயிண்டைத் தேர்ந்தெடுக்க ஒரே நிபந்தனை வைப்பேன்: கை எட்டும் இடமாக இருக்க வேண்டும், திரும்ப அடிக்க ஆள் வேண்டும். கேட், ஜன்னல் கம்பி, நாற்காலி போன்றவற்றுக்குச் சரி. மண்ணுக்குள் போவதற்கும், மூடிய குழலின் உட்புறத்துக்கும் சரிப்படாது. இன்னொன்று, எத்தனை கோட்டிங் அடிக்கிறோம் என்பதைவிட அடியில் எவ்வளவு சுத்தமாகச் சுரண்டினோம் என்பதுதான் ஆயுளைத் தீர்மானிக்கும். துருவின் மேலேயே பளபளவென்று அடிப்பது வெறும் ஒப்பனை.

துத்தநாகத் தூள் நிறைந்த பிரைமர் என்று ஒன்று இருக்கிறது. காய்ந்த படலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் துத்தநாகமே இருக்கும் அளவுக்குக் கலந்திருப்பார்கள். துகள்கள் ஒன்றோடொன்றும் இரும்போடும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் எலக்ட்ரான் கடந்துபோக முடியும், அதற்காகவே இவ்வளவு. பெயிண்டுக்கும் துத்தநாகப் பூச்சுக்கும் இடைப்பட்டது இது. வெல்டிங் செய்த இடத்தைச் சரிசெய்ய இதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை.

துத்தநாகம்: உருக்கியதில் முக்குவதா, மின்முலாமா

இங்கேதான் வினைபடுதிறன் வரிசை வேலைக்கு வருகிறது. திட்ட மின்முனை மின்னழுத்தம் துத்தநாகத்துக்கு மைனஸ் 0.76 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44 வோல்ட். மைனஸில் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கும் என்று பொருள். எலக்ட்ரானைக் கொடுப்பதில் துத்தநாகம் இரும்பைவிட ஆர்வமாக இருக்கிறது. பூச்சில் கீறல் விழுந்து இரும்பு தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் கரைந்து எலக்ட்ரானை இரும்புக்குள் தள்ளுகிறது. இரும்பு கேத்தோடாகிவிடுவதால் கரைய முடிவதில்லை. சில மில்லிமீட்டர் அகலக் கீறல்வரை இந்தப் பாதுகாப்பு எட்டும். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு போய்விட்டால் எட்டாது.

அப்படியானால் துத்தநாகம் ஏன் சட்டென்று தீர்ந்துபோவதில்லை? காற்றில் அதன் மேல் முதலில் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் உருவாகி, பிறகு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கார்பனேட் படலமாக இறுகுகிறது. புதுப் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாவது இதனால்தான், அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை. ஆனால் புதுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஈரத்தோடு அடுக்கி வைத்தால் காற்று போகாமல் அந்தக் கார்பனேட் உருவாகாது. மாவு போல வெள்ளையாகப் பூத்துவிடும்.

துத்தநாகத்தைப் பூச இரண்டு வழிகள். ஒன்று, 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் இரும்பை அப்படியே முக்கி எடுப்பது. பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரேல் 1837இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் இரும்பு-துத்தநாகக் கலப்புலோக அடுக்குகள் வளர்வதால் பூச்சு உரிந்து வராது. இன்னொன்று மின்முலாம். துத்தநாக உப்புக் கரைசலில் பொருளைக் கேத்தோடாகவும் துத்தநாகக் கட்டியை ஆனோடாகவும் வைத்து மின்சாரம் செலுத்துவது.

கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மின்முலாம் பூசியதுதான் அழகாக இருக்கும். அதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், தடிமனைப் பாருங்கள். 6 மில்லிமீட்டரைவிடத் தடித்த எஃகை முக்கி எடுத்தால் சராசரியாக 85 மைக்ரான் பூச்சு ஏறும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மின்முலாம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான்.

ஏன் மின்முலாமிலேயே 85 மைக்ரான் ஏற்றக் கூடாது? படியும் உலோகத்தின் அளவு செலுத்திய மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது என்னும் ஃபாரடே விதியை வைத்துக் கணக்குப் போடலாம். ஒரு மோல் துத்தநாகம் 65.4 கிராம், அதைப் படியவைக்க இரண்டு மோல் எலக்ட்ரான் வேண்டும், ஒவ்வொரு மோல் எலக்ட்ரானும் ஏறக்குறைய 96,500 கூலும் (மின்னூட்டத்தின் அலகு). ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 கூலும், அதில் படிவது வெறும் 1.22 கிராம். ஒரு சதுர மீட்டருக்கு 85 மைக்ரான் என்றால் 600 கிராமுக்குச் சற்று மேல். அதற்கு ஏறக்குறைய 500 ஆம்பியர் மணி தேவை. 10 மைக்ரானுக்கு 60 ஆம்பியர் மணிக்குள் முடிந்துவிடும். உருகிய தொட்டியில் முக்கினால் சில நிமிடங்களில் நடப்பதை மின்சாரத்தில் செய்ய யார் காத்திருப்பார்கள்?

தடிமன் நேராக ஆயுளாக மாறுகிறது. ஈரமும் உப்பும் குறைந்த காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 1 மைக்ரானுக்கும் குறைவாகத் தேயும். கடலோரத்தில், தொழிற்சாலைப் புகையில் ஆண்டுக்கு 4 முதல் 8 மைக்ரான்வரை போகலாம். ஆண்டுக்கு 2 மைக்ரான் தேய்கிறது என்று வைத்துக்கொண்டால் 85 மைக்ரான் நாற்பது ஆண்டுகளுக்கு வரும், 10 மைக்ரான் ஐந்தாண்டுகளுக்கு. வெளியில் மழையில் நிற்கப்போகும் எதற்கும் முக்கி எடுத்ததையே எடுப்பேன்.

மின்முலாமுக்கு இடமே இல்லையா என்றால் இருக்கிறது. சிறு திருகுகளுக்கும் நுணுக்கமான மரைகளுக்கும் அதுதான் பொருத்தம், உருகிய துத்தநாகம் மரையை அடைத்துவிடும். மெல்லிய தகடு 450 டிகிரியில் நெளியலாம், அதற்கும் மின்முலாமே நல்லது. மூடிய குழலை முக்குவதாக இருந்தால் துளை விட்டிருக்க வேண்டும். உள்ளே சிக்கிய ஈரம் அந்த வெப்பத்தில் நீராவியாகி வெடித்தே விடும். ஆனால் மின்முலாமிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கேத்தோடில் துத்தநாகத்தோடு கொஞ்சம் ஹைட்ரஜனும் உருவாகி எஃகுக்குள் புகுந்துவிடும். சாதாரண எஃகு இதைத் தாங்கும், உயர்வலிமை போல்ட்டுகள் நொறுங்கும் தன்மையடைந்து, இறுக்கியபின் திடீரென விரிசல் விடலாம். அதனால்தான் அவற்றை முலாம் பூசியதும் 200 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்கள்.

துத்தநாகம் எங்கே கூடாது? அமிலம், கடும் காரம் இரண்டிலும் கரையும். புளிப்பான உணவுக்கு ஆகாது. சில வகைத் தண்ணீரில் 60 டிகிரிக்கு மேல் சூடானால் அதன் மேல் உருவாகும் படலம் மாறி, துத்தநாகமும் இரும்பும் வேடத்தை மாற்றிக்கொள்ளும். காப்பாற்ற வந்தது கேத்தோடாகி, இரும்பு கரையத் தொடங்கும். வெந்நீர்க் குழாய்க்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

வெள்ளீயம், நிக்கல், குரோமியம்

வெள்ளீயத்தின் மின்னழுத்தம் மைனஸ் 0.14 வோல்ட், நிக்கலுக்கு மைனஸ் 0.25 அளவில். இரண்டும் இரும்பைவிடச் சோம்பேறிகள். பூச்சு முழுமையாக இருந்தால் நல்ல கவசம். கீறல் விழுந்தால் நிலைமை பூச்சே இல்லாததைவிட மோசம். பெரிய பரப்பில் இருக்கும் வெள்ளீயம் கேத்தோடாகவும், கீறலில் தெரியும் துளியூண்டு இரும்பு ஆனோடாகவும் அமைந்துவிடும். மொத்த மின்னோட்டமும் அந்தச் சிறு இடத்தில் குவிந்து ஆழமாகக் குழி தோண்டும்.

பிறகு ஏன் உணவு டப்பாக்களில் வெள்ளீயம்? பாதி விடை அதன் நச்சின்மை. மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது. மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, பழங்களின் சிட்ரிக் அமிலம் போன்றவை வெள்ளீய அயனிகளைப் பிடித்து அணைவுச் சேர்மங்களாக்கிவிடுகின்றன. கரைசலில் தனி வெள்ளீய அயனி குறையக் குறைய, வெள்ளீயம் எலக்ட்ரானைக் கொடுக்க மேலும் மேலும் தயாராகிறது. இரும்பையும் தாண்டி ஆனோடாகிவிடுகிறது. டப்பாவின் வெளிப்புறத்தில் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் அதே உலோகம் உட்புறத்தில் இரும்பைக் காக்கிறது. திட்ட மின்னழுத்தம் என்பது லிட்டருக்கு ஒரு மோல் செறிவு, 25 டிகிரி என்ற திட்ட நிலைமைக்கு உரியது. கரைசல் மாறினால் வரிசையும் மாறலாம். டப்பாவைத் திறந்து ஆக்சிஜன் உள்ளே போய்விட்டால் கரைவது வேகமாகும் என்பதால், மீதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

குரோமிய முலாம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலே மினுங்கும் குரோமியம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, காவல் காப்பது அடியில் இருக்கும் நிக்கல்தான். அழகுக்காக வாங்கலாம்.

தியாக ஆனோடும் வெளி மின்னோட்டமும்

இரும்பை முழுக்கப் பூசுவதற்குப் பதிலாக, அதைவிட வினைத்திறன் மிக்க உலோகக் கட்டி ஒன்றைக் கம்பியால் இணைத்துவிட்டால் போதும். கட்டி கரையும், இரும்பு நிற்கும். நிபந்தனை ஒன்று: இரண்டும் ஒரே ஈரத்துக்குள், தண்ணீரிலோ மண்ணிலோ, மூழ்கியிருக்க வேண்டும். காற்றில் நிற்கும் கேட்டில் துத்தநாகக் கட்டியைத் தொங்கவிட்டால் ஒரு பயனும் இல்லை.

இந்த யோசனை ஹம்ஃப்ரி டேவியுடையது. 1807இல் மின்னாற்பகுத்தல் மூலம் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்த அதே டேவி. 1824இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் பதித்திருந்த தாமிரத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க, துத்தநாகத்தையோ இரும்பையோ இணைக்கச் சொன்னார். தாமிரம் கரைவது நின்றது, வேதியியல் வென்றது. ஆனால் கப்பல்களின் அடியில் சிப்பிகளும் பாசியும் அப்பிக்கொண்டு வேகம் குறைந்தது. கரைந்துகொண்டிருந்த தாமிர அயனிகள்தான் அதுவரை உயிரினங்களை அண்டவிடாமல் வைத்திருந்தன. கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. எஃகுக் கப்பல்களுக்கு இன்று அதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எந்த உலோகக் கட்டி? மெக்னீசியம் மைனஸ் 2.37 வோல்ட், அலுமினியம் மைனஸ் 1.66, துத்தநாகம் மைனஸ் 0.76. வினைத்திறன் மிகுந்ததே சிறந்தது என்று தோன்றும், அப்படியில்லை. நன்னீரும் மண்ணும் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாதவை, அங்கே தள்ளுவிசை அதிகம் வேண்டும், மெக்னீசியம்தான் ஏற்றது. எனாமல் பூசிய வெந்நீர்த் தொட்டிகளுக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி இருப்பது இதற்காகவே. கீசரிலிருந்து அழுகிய முட்டை வாசனை வந்தால், பாக்டீரியாக்களும் அந்தக் கம்பியும் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கலாம். அலுமினிய-துத்தநாகக் கம்பிக்கு மாற்றிப் பார்ப்பது வழக்கம். கடல்நீர் நன்றாகக் கடத்தும், அங்கே மெக்னீசியத்தை வைத்தால் வீணாக வேகமாகக் கரைந்துபோகும்.

கடலுக்குத் துத்தநாகமா, அலுமினியமா என்பதுதான் உண்மையான போட்டி. ஒரு கிலோ துத்தநாகம் கோட்பாட்டளவில் தருவது 820 ஆம்பியர் மணி. அலுமினியம் லேசானது, அணுவுக்கு மூன்று எலக்ட்ரான் கொடுக்கும், கிலோவுக்கு 2,980 ஆம்பியர் மணி. எடையில் அலுமினியத்தின் பக்கத்தில் துத்தநாகம் வர முடியாது. ஆனால் தூய அலுமினியம் தன் ஆக்சைடுப் படலத்துக்குள் ஒளிந்துகொண்டு சும்மா இருந்துவிடும். அதனால் துத்தநாகமும் கொஞ்சம் இண்டியமும் கலந்து அந்தப் படலத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். கடலிலேயே கிடக்கும் பெரிய கட்டமைப்புக்கு அந்தக் கலப்பு அலுமினியம், சிறு படகுக்குத் துத்தநாகம் போதும். ஆனோடின் மேல் மட்டும் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள், அது கரையத்தான் வைத்திருக்கிறது.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குழாய் என்றால் கட்டிகளைப் புதைத்துக்கொண்டே போவது கட்டுப்படியாகாது. அங்கே நேர்மின்னோட்டத்தை வெளியிலிருந்து கொடுத்து, குழாயை எதிர்முனையோடு இணைக்கிறார்கள். நேர்முனையில் எளிதில் கரையாத பொருள்: கிராஃபைட், சிலிக்கான் மிகுந்த வார்ப்பிரும்பு, பிளாட்டினம் பூசிய டைட்டானியம். கிட்டத்தட்ட மின்னாற்பகுப்புக் கலம்தான், கடல்நீரில் நேர்முனையில் வகுப்பறைச் சோதனையில் வருவது போலவே குளோரின் வரும். பல ஆண்டுகள் ஓடும், மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் கண்காணிக்க ஆள் வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் குழாயில் ஹைட்ரஜன் கிளம்பிப் பூச்சைக் கொப்புளிக்க வைக்கும். முனைகளை மாற்றி இணைத்துவிட்டாலோ, காக்க வந்த மின்சாரமே குழாயைக் கரைத்துத் தள்ளும். கவனிக்க ஆளில்லாத சிறு அமைப்புக்குத் தியாக ஆனோடுதான் என் தேர்வு. அதைத் தவறாக இணைக்க வழியே இல்லை.

எவர்சில்வர்

எஃகில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடுப் படலம் தானாக உருவாகும். கீறினால்? ஆக்சிஜன் இருக்கும்வரை படலம் உடனே மீண்டும் வளர்ந்துவிடும். என் கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடையாது, விலைதான் தடை.

ஆனால் ஆக்சிஜன் போகாத இடுக்குகளிலும், குளோரைடு மிகுந்த இடத்திலும் படலம் உடைந்து குழி விழும். வெளியே மினுக்கும், உள்ளே ஊசித்துளை. கடலோரத்துக்கு 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட 304 ரகத்தைவிட, 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் நல்லது. இன்னொன்று, சாதாரண இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷால் எவர்சில்வரைத் தேய்த்தால் இரும்புத் துகள்கள் ஒட்டித் துருப் பூக்கும். பட்டறையில் பிரஷ்ஷைத் தனியாக வைப்பது இதற்காகத்தான்.

இணைப்புகள்

ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, சேர்க்கும்போது கெடுப்பதுதான் அதிகம் நடக்கிறது. சுதந்திர தேவி சிலைக்கு வெளியே தாமிரத் தோல், உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் தொடக் கூடாது என்று 1886இல் கட்டியவர்களுக்கே தெரிந்திருந்தது, இடையில் அரக்கு தோய்த்த கல்நார் வைத்தார்கள். காலப்போக்கில் அது ஈரம் உறிஞ்ச, இரும்புப் பட்டைகள் துருப்பிடித்து வீங்கின. 1986இல் முடிந்த சீரமைப்பில் அவற்றை எடுத்துவிட்டு எவர்சில்வர் பட்டைகளைப் போட்டு, நடுவில் டெஃப்லான் வைத்தார்கள்.

இங்கே பரப்பளவும் சேர்ந்து பேசுகிறது. பெரிய தாமிரத் தகட்டில் சிறு இரும்பு ஆணி அடித்தால் ஆணி சீக்கிரம் காணாமல் போகும். பெரிய இரும்புத் தகட்டில் சிறு தாமிர ஆணி என்றால் இழப்பு பரந்துபட்டுத் தெரியாமல் நடக்கும். போல்ட் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்குதான். துத்தநாகம் பூசிய பெரிய தகட்டுக்கு எவர்சில்வர் போல்ட் போடலாம், ஈரமான இடமென்றால் நைலான் வாஷர் சேர்த்துக்கொள்ளவும். எவர்சில்வர் தகட்டுக்குத் துத்தநாகம் பூசிய போல்ட் போடுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். அந்தச் சிறு பரப்பில் இருக்கும் துத்தநாகம் முதலில் தீரும், அப்புறம் போல்ட் துருப்பிடித்து, தகடு மட்டும் மினுங்கிக்கொண்டிருக்கும்.